ஒரே பேண்டில் மோர்ஸும் குரலும் டிஜிட்டலும்: சென்னை ஹாம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள்தான் ஹாம்கள். அவர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் துண்டுகளில் (பேண்ட்) ஒன்றான 40 மீட்டர் பேண்டை ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தால் மதுரையும் கோவையும் விஜயவாடாவும் சென்னையும் குரலில் பேசிக்கொண்டிருக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே, கணினி மூலம் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்டி8 ஆட்களின் விசில் சத்தம். இன்னும் கீழே யாரோ பொறுமையாக மோர்ஸ் தட்டிக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் இந்தியாவில் நமக்குக் கிடைத்திருக்கும் இடம் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை, வெறும் 200 கிலோஹெர்ட்ஸ். ஒரு குரல் பேச்சுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் என்று பிரித்தால், மோர்ஸும் டிஜிட்டலும் இல்லவே இல்லை என்றாலும் 66 பேச்சுகளோடு பேண்ட் நிரம்பிவிடும்.

சண்டை வருவது இடம் குறைவு என்பதால் மட்டும் இல்லை. ஒவ்வொரு மோடும், அதாவது செய்தி அனுப்பும் முறையும், வேறு விதமாகக் கேட்கிறது. குரல் ஆளுக்கு இரைச்சலாகப் படுவது மோர்ஸ் ஆளுக்கு முழு வாக்கியம். மோர்ஸ் ஆளின் காதுக்கு எட்டவே எட்டாத ஒரு நிலையத்தை எஃப்டி8 மென்பொருள் தெளிவாகப் படித்துவிடும். ஆகவே அடுத்தவரின் ரிசீவர் எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பகிர்வுக்கு அடிப்படை. கீழே வரும் படிகள் எல்லாம் அதை ஒட்டியவைதான்.

படி 1: உங்கள் சிக்னல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

டயலில் தெரியும் எண்தான் தன் சிக்னல் இருக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். மோதல்களில் பெரும்பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஹாம்கள் பேசும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) குரல் ஏறத்தாழ 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கொண்டுபோகிறது. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) பயன்படுத்துகிறோம். அதில் சிக்னல் டயல் எண்ணுக்குக் கீழே விழும். 7.100 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துப் பேசினால் நீங்கள் பிடித்திருக்கும் இடம் 7.0973 முதல் 7.0997 வரை. 20 மீட்டரில் யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை), அங்கே சிக்னல் டயலுக்கு மேலே ஏறும். அதனால்தான் 14.350 வரை பேண்ட் இருக்கிறது என்று 14.349ல் குரலில் பேசக்கூடாது. சிக்னலின் பெரும்பகுதி எல்லை தாண்டிப் போயிருக்கும். குரலுக்கு 14.347 வரைதான்.

மற்ற மோடுகளின் அகலத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். எஃப்டி8 சுமார் 50 ஹெர்ட்ஸ். ரிட்டி என்ற வானொலி டெலிடைப் 250 முதல் 300 ஹெர்ட்ஸ். அலை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று சோதிக்கும் விஸ்பர் வெறும் 6 ஹெர்ட்ஸ். அசையாப் படம் அனுப்பும் ஸ்லோ ஸ்கேன் டிவி குரல் அளவுக்கு இடம் எடுக்கும், ஏஎம் என்றால் 6 கிலோஹெர்ட்ஸ். ஒரு குரல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எஃப்டி8 ஆட்கள் 50 பேர் நெருக்கியடித்து உட்காரலாம், உட்கார்கிறார்கள்.

டிஜிட்டல் மோடுகள் 40 மீட்டரிலும் யுஎஸ்பியில்தான் இயங்கும். டயல் 7.074 என்றால் சிக்னல்கள் 7.074 முதல் 7.077 வரை பரவியிருக்கும். இப்போது ஒருவர் எல்எஸ்பியில் 7.077 என்று வைத்து அழைக்கிறார் என்று வையுங்கள். அவர் குரல் விழுவது 7.0743 முதல் 7.0767 வரை, அதாவது அந்த எஃப்டி8 கூட்டத்தின் மேலேயே. ‘நான் 7.077ல் இருக்கிறேன், அவர்கள் 7.074ல் இருக்கிறார்கள், மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளித்தானே?’ என்று அவர் மனசார நம்புவார். கணக்கு போட்டுப் பார்த்தால் 7.074 அல்லது அதற்குக் கீழே போனால் குரல் தப்பும், 7.080 அல்லது அதற்கு மேலே போனாலும் தப்பும். 7.078ல் ஜேஎஸ்8 என்ற இன்னொரு டிஜிட்டல் மோடின் ஆட்களும் இருப்பதால் நான் 7.083க்கு மேலே போவதையே சொல்வேன்.

7.050 இதே மாதிரி ஒரு பொறி. முழு எண் என்பதால் குரலில் அழைக்க எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் எஃப்டி8ன் வேகமான தம்பியான எஃப்டி4ன் டயல் 7.0475, அதன் சிக்னல்கள் 7.0505 வரை போகும். எல்எஸ்பி 7.050 அதன்மேல் அப்படியே படுத்துவிடும். 7.054க்கு நகர்ந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

படி 2: எது சட்டம், எது ஒப்பந்தம்?

நம் உரிமத்தைத் தருவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (வயர்லெஸ் திட்டமிடல், ஒருங்கிணைப்பு) பிரிவு. எந்தெந்த பேண்ட், எந்தெந்த உமிழ்வு வகை (மோர்ஸ், குரல் போன்றவை), எவ்வளவு பவர் என்று உரிமத்தின் அட்டவணை சொல்கிறது. 40 மீட்டருக்குள் இந்த மூலை மோர்ஸுக்கு, அந்த மூலை குரலுக்கு என்று அது கோடு போடுவதில்லை. அந்தக் கோடுகள் சர்வதேச அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் மூன்றாம் மண்டல பேண்ட் திட்டத்தில் இருக்கின்றன. ஆசியாவின் பெரும்பகுதியும் ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் இந்த மண்டலம்தான். அது ஹாம்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மோடுப் பிரிவினையே சட்டம். அமெரிக்கப் பெருநிலத்தில் இருப்பவர் 40 மீட்டரில் 7.125க்குக் கீழேயும், 20 மீட்டரில் 14.150க்குக் கீழேயும் குரலில் பேசவே கூடாது. எனவே சென்னையிலிருந்து 7.090ல் அமெரிக்காவைக் குரலில் கூப்பிட்டால், நீங்கள் சொல்வது கேட்டாலும் அவரால் அதே இடத்தில் பதில் சொல்ல முடியாது. எல்எஸ்பியில் 7.128க்கு மேலே வாருங்கள்.

‘சட்டத்தில் இல்லையே, ஒப்பந்தம்தானே’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அமெச்சூர் பேண்டில் யாருக்கும் சொந்த அலைவரிசை இல்லை. நெட் (பலர் கூடிப் பேசும் அலைவரிசைக் கூட்டம்) நடத்துபவருக்கும் இல்லை, இருபது வருடமாக அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்கும் இல்லை. சொந்தம் இல்லாத இடத்தில் சேர்ந்து புழங்க ஒப்பந்தத்தை விட்டால் வேறு வழி ஏது?

படி 3: அடையாளப் புள்ளிகளை எழுதி ரிக்குக்கு, அதாவது உங்கள் ரேடியோவுக்கு, பக்கத்தில் ஒட்டுங்கள்

40 மீட்டரில் 7.000 முதல் 7.025 வரை மோர்ஸுக்கு விட்டுவிடுங்கள். குறைந்த பவர் மோர்ஸ் ஆட்கள் 7.030ஐச் சுற்றி இருப்பார்கள். 7.040ல், சரியாகச் சொன்னால் 7.0400 முதல் 7.0402 வரை, விஸ்பர் ஓடும். இது முக்கியம். விஸ்பர் ஒரு தடவை அனுப்பினால் ஏறக்குறைய இரண்டு நிமிடம் போகும், காதுக்குக் கேட்காத பலத்தில் இருக்கும், அந்தப் பக்கம் உங்களுக்குப் பதில் சொல்ல ஆளும் இருக்க மாட்டார். ‘இங்கே யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பயன் இல்லை. தெரிந்து விலகிப் போவதுதான் வழி. அப்புறம் 7.0475 எஃப்டி4, 7.074 எஃப்டி8, 7.078 ஜேஎஸ்8. 7.110 நம் மண்டலத்தின் அவசரகால மையம். 7.200க்கு மேலே நம் பகுதியில் ஒலிபரப்பு நிலையங்களின் ராஜ்ஜியம்.

20 மீட்டரில் 14.070 வரை மோர்ஸ். அங்கிருந்து டிஜிட்டல்: 14.070ல் தட்டச்சு செய்து பேசும் பிஎஸ்கே31, 14.074 எஃப்டி8, 14.078 ஜேஎஸ்8, 14.080 எஃப்டி4, அதன்மேல் ரிட்டி. 14.0971ஐச் சுற்றி விஸ்பர். குரல் 14.112க்கு மேலே. 14.230 ஸ்லோ ஸ்கேன் டிவி. 14.300 அவசரகால மையம்.

14.100ஐத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அங்கே எந்த மோடிலும் அனுப்பாதீர்கள். உலகம் முழுக்க 18 இடங்களில் இருக்கும் பீக்கன்கள் (தானாக ஒலிக்கும் அடையாள நிலையங்கள்) அந்த ஒரே அலைவரிசையில், ஆளுக்கு 10 விநாடி வீதம், மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று முறை வைத்து ஒலிப்பதற்காக அமைத்த வலை அது. கால் சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்) மோர்ஸில் வரும், பிறகு 100 வாட், 10, 1, கடைசியாக 0.1 வாட்டில் ஒவ்வொரு விநாடி நீளத்துக்குக் கோடுகள். எந்தக் கோடு வரை கேட்கிறது என்று பார்த்தால் அந்தத் திசையில் பேண்ட் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். நமக்கு மிக அருகில் உள்ளது கொழும்பின் 4எஸ்7பி. அருகில் இருப்பதாலேயே அது பல நேரம் 20 மீட்டரில் நமக்குக் கேட்காது. அலை நம் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும்.

மற்ற பேண்டுகளில் எஃப்டி8 இருக்கும் டயல்கள்: 3.573, 10.136, 18.100, 21.074, 24.915, 28.074. 30 மீட்டர் பேண்ட் 50 கிலோஹெர்ட்ஸ்தான், அங்கே குரல் வேண்டாம். 80 மீட்டரில் நமக்கு 3.500 முதல் 3.700 வரையும், தனித் துண்டாக 3.890 முதல் 3.900 வரையும் உண்டு.

படி 4: கேளுங்கள், பிறகு அவர்கள் மொழியில் கேள்வி கேளுங்கள்

எவ்வளவு அகலத்தைக் கேட்பது என்று தீர்மானிக்கும் ஃபில்டரை முழுதாகத் திறந்து வைத்துக் கேளுங்கள். மோர்ஸ் ஆட்கள் 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரோடு ஒரு இடத்துக்குப் போய் ‘காலியாக இருக்கிறது’ என்று நினைப்பதுண்டு. பக்கத்திலேயே ஒரு குரல் பேச்சு போய்க்கொண்டிருக்கும். ரிக்கில் சிக்னல்களைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரை இருந்தால் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். எஃப்டி8ல் ஒவ்வொரு அனுப்புதலும் 12.64 விநாடி, 15 விநாடிக்கு ஒரு முறை, இரண்டு தரப்பும் மாறி மாறி. நீங்கள் கேட்கும் 15 விநாடியில் அமைதியாக இருப்பவர் அடுத்த 15 விநாடியில் அனுப்பலாம். ஒரு முழு நிமிடம் கேட்காமல் அந்தப் பகுதியில் முடிவுக்கு வராதீர்கள்.

கேட்காமல் போவதற்கு இன்னொரு காரணம் அலை தாண்டும் தூரம். பகலில் 40 மீட்டர் சென்னையிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்கு நன்றாகப் பேசும். பொழுது சாய்ந்ததும் அருகில் உள்ளவர்கள் மங்கிப்போய்த் தொலைவு திறக்கும். அப்போது திருச்சியில் இருப்பவர் ஜப்பானோடு பேசிக்கொண்டிருந்தால், ஜப்பான்காரரின் குரல் மட்டும் உங்களுக்குக் கேட்கலாம், சில சமயம் இரண்டுமே கேட்காது. அதனால் ஒரு தடவை கேட்டுவிட்டு அழைக்க ஆரம்பிக்காதீர்கள். குரலில் என்றால், ‘இந்த ஃப்ரீக்வென்சி பயன்பாட்டில் இருக்கிறதா?’ என்று கால் சைனோடு கேட்டு, சில விநாடி விட்டு மறுபடியும் கேளுங்கள். தமிழில் கேட்டால் நம்மூர் நெட்டில் உடனே பதில் வரும். அந்தி நேரத்தில் ஆங்கிலத்திலும் ஒரு முறை கேளுங்கள்.

மோர்ஸில் ‘கியூஆர்எல்’ என்று அடித்துக் கேள்விக்குறி போடுங்கள்; அதே கேள்விக்கான சுருக்கக் குறி அது. ‘ஆம்’ என்பதற்கு ‘சி’ என்ற ஒற்றை எழுத்து, கோடு புள்ளி கோடு புள்ளி, வந்தாலும் வரும். மோர்ஸ் தெரியாத குரல் ஆட்களும் இந்த ஒரு எழுத்தையும் இந்தக் கேள்வியின் தாளத்தையும் காதால் பழகிக்கொண்டால் நல்லது. நீங்கள் பேசும் இடத்தில் அந்தத் தாளம் விழுந்தால், யாரோ மரியாதையாகக் கதவைத் தட்டுகிறார் என்று புரியும்.

ஆண்டெனா ட்யூன் செய்வதை ஒரு வேலையாகவே நினைக்காமல் பலர் செய்துவிடுகிறார்கள். முழு பவரில் பத்து விநாடி கேரியர் (செய்தி இல்லாத வெற்று அலை) விட்டால் அந்த இடத்தில் இருந்த பலவீனமான பேச்சு அதோடு போச்சு. முடிந்தவரை டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் மின்தடை) செய்யுங்கள். ஆண்டெனாவில்தான் செய்ய வேண்டும் என்றால் காலியான இடத்துக்கு நகர்ந்து, குறைந்த பவரில், இரண்டு மூன்று விநாடியில் முடியுங்கள்.

படி 5: சிக்னலைச் சுத்தமாக வைத்திருங்கள்

பேண்ட் திட்டத்தை ஒரு எழுத்து விடாமல் பின்பற்றினாலும், உங்கள் சிக்னல் 3 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 6 கிலோஹெர்ட்ஸ் பரவினால் பயனில்லை. எனக்கு மிகவும் அக்கறை உள்ள இடம் இதுதான். ஏனென்றால் பரவலைச் செய்பவருக்கு அது ஒருபோதும் கேட்காது.

குரலுக்கு: மைக் கெயினை ஏஎல்சி (ஒலி மிகாமல் தானே குறைக்கும் சுற்று) மீட்டர் லேசாக அசையும் அளவுக்கு மட்டும் வையுங்கள். குரலின் சராசரி பலத்தைக் கூட்டும் கம்ப்ரெஷரை ஏற்றினால் தூரம் போகும் என்ற ஆசையில் முழுவதும் திருகிவிட்டால், பின்னால் ஓடும் மின்விசிறிச் சத்தமும் தெருவின் ஹாரனும் சேர்ந்து போகும், பக்கத்துப் பேச்சுகளின் மேல் தெறிக்கும். பவரைக் கூட்டும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பக்கத்து அலைவரிசையில் இருக்கும் நண்பரிடம், ‘சார், என் சிக்னல் எந்த எண் வரைக்கும் தெறிக்குது, கொஞ்சம் டயலைச் சுத்திப் பார்த்துச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். பலம் பற்றிய ரிப்போர்ட்டைவிட அந்தத் தகவல்தான் உபயோகம்.

எஃப்டி8க்கு: கணினியின் ஆடியோவை ஏஎல்சி அசையாத அளவுக்குக் குறையுங்கள். ரிக்கில் கம்ப்ரெஷரை அணைத்துவிடுங்கள். ஒலி அதிகமானால் 700 ஹெர்ட்ஸ் டோன் 1,400லும் 2,100லும் பேய் மாதிரி இன்னும் இரண்டு சிக்னலாகத் தோன்றும். ஒரே ஆள் மூன்று பேர் இடத்தைப் பிடித்துக்கொள்வார். மென்பொருளில் அனுப்பும் டயலைத் தானே நகர்த்தும் ஸ்ப்ளிட் இயக்கத்தை இயக்கிவிட்டால் டோன் எப்போதும் 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும், இந்தப் பேய்கள் ரிக்கின் ஃபில்டரிலேயே செத்துவிடும். விண்டோஸின் அறிவிப்பு மணி ஒலிகள் வேறு ஒலி அட்டைக்குப் போகின்றனவா என்றும் பாருங்கள். 100 வாட் ரிக்கில் 30 வாட் போதும். எஃப்டி8 இரைச்சலுக்குக் கீழே 20 டெசிபெல் வரை உள்ள சிக்னலையே படித்துவிடும் மோட். அதில் முழு பவர் விடுவது அடுத்தவர் ரிசீவரின் ஏஜிசி (பலத்துக்கேற்ப உணர்திறனைக் குறைக்கும் சுற்று) மற்ற சிக்னல்களை அமுக்குவதற்குத்தான் பயன்படும், ரிக்கும் சூடாகும்.

மோர்ஸுக்கு: கீ க்ளிக். அலை சடாரென்று எழுந்து சடாரென்று விழுந்தால் இரண்டு பக்கமும் ‘டிக் டிக்’ என்று பரவும். ரிக்கின் மெனுவில் எழும் நேரத்தை மாற்றும் வசதி இருந்தால் 4 மில்லிவிநாடிக்குக் குறையாமல் வையுங்கள்.

படி 6: உங்கள் ரிசீவரையும் சந்தேகப்படுங்கள்

‘எஃப்டி8காரன் வந்து உட்கார்ந்துட்டான்’ என்று கோபப்படும் முன்பு வரும் சிக்னலைப் பெருக்கும் ரிக்கின் ப்ரீ-ஆம்ப்ளிஃபயரை அணைத்துப் பாருங்கள். 40 மீட்டரில் மாலை நேரத்தில் அது தேவையே இல்லை. 7.200க்கு மேலே உள்ள பலமான ஒலிபரப்புகள் ரிசீவரைத் திணறடித்தால், இல்லாத சிக்னல்கள்கூட இருப்பதுபோல் தோன்றும். வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரைப் போட்டதும் தொந்தரவு மறைந்தால் தவறு அவர் பக்கம் இல்லை. குரலுக்கு ஃபில்டரை 2.1 கிலோஹெர்ட்ஸாகக் குறைப்பது, கேட்கும் பட்டையைத் தள்ளிவைக்கும் ஐஎஃப் ஷிஃப்டை நகர்த்துவது, ஒற்றை விசிலை மட்டும் வெட்டும் நாட்ச் போடுவது, இவை பக்கத்துக்காரரோடு பேச வேண்டிய அவசியத்தையே பல நேரம் நீக்கிவிடும்.

சென்னை அடுக்குமாடி வீடுகளில் எல்இடி விளக்கும் இன்வெர்ட்டரும் சீன சார்ஜர்களும் போடும் இரைச்சல் பேண்டையே மூடிவிடும். பலவீனமான நிலையம் கேட்காமல் அதன்மேல் ஏறிப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டு மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் ரிக்கை ஓட்டிப் பார்த்தால் இரைச்சல் உங்கள் வீட்டுடையதா, பக்கத்து வீட்டுடையதா என்று தெரிந்துவிடும். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையங்கள் வாங்கி சார்ஜர் வயர்களில் சில சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

படி 7: மோதல் வந்துவிட்டால்

முதலில் இடம் மாறக்கூடியவர் யார் என்று பாருங்கள். எஃப்டி8 கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு நகரச் சொல்ல வழியே இல்லை; அவர் காதால் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அதேபோல் குரல் நெட்டில் முப்பது பேர் காத்திருக்கும்போது அவர்களை நகர்த்துவதும் லேசான காரியம் இல்லை. தனியாக இருக்கும் ஒருவர், அவர் உரிமையில் தவறில்லை என்றாலும், மூன்று கிலோஹெர்ட்ஸ் நகர்வது எல்லோருக்கும் சுலபம்.

சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இது எங்க நெட் ஃப்ரீக்வென்சி’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறுக்கிக்கொள்ளும். ‘வணக்கம் சார், இங்க ஒரு நெட் போய்க்கிட்டு இருக்கு. உங்களுக்கு நாங்க கேட்கலைன்னு நினைக்கிறேன். மூணு கிலோஹெர்ட்ஸ் மேல போனீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லா இருக்கும்’ என்றால் பெரும்பாலும் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வேண்டுமென்றே தொந்தரவு செய்பவர் என்று தெரிந்தால் அவரைப் பற்றி அலையில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். அவருக்கு வேண்டியதே அதுதான்.

படி 8: போட்டி நாட்கள், அவசர நாட்கள்

யார் அதிக நிலையங்களைத் தொடர்புகொள்கிறார்கள் என்ற உலகளாவிய பெரிய போட்டியான சிகியூ வேர்ல்ட் வைட் அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் குரலிலும், நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸிலும் 48 மணி நேரம் நடக்கும். நம் கணக்கில் சனி காலை 5.30க்குத் தொடங்கி திங்கள் காலை 5.30 வரை. அந்த நாட்களில் டிஜிட்டல் பகுதிக்குள் குரலும், குரல் பகுதிக்குள் மோர்ஸும் வழிந்து வரும். போட்டியில் இருப்பவர்கள் அடையாளப் புள்ளிகளை விட்டு விலகுங்கள். போட்டியில் விருப்பம் இல்லாதவர்களுக்கு 30, 17, 12 மீட்டர் பேண்டுகள் இருக்கின்றன. அங்கே போட்டி நடத்துவதில்லை என்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம்.

அவசரம் என்று வந்துவிட்டால் மோடு வித்தியாசமே கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. தொலைதூர நிலையங்களோடு பேசத்தான் போயிருந்தார்கள். அந்தமானின் செய்திகளை வெளியே கொண்டுவரும் வேலை அவர்கள் கைக்கு வந்தது. அப்படி ஒரு பலவீனமான குரலை அலையில் கேட்டால் நீங்கள் செய்ய வேண்டியது அனுப்பாமல் இருப்பது. 7.110, 14.300, 18.160, 21.360 ஆகியவற்றைச் சுற்றி வெள்ளம், புயல் நாட்களில் எந்த மோடிலும் இறங்கும் முன்பு நன்றாகக் கேளுங்கள். உதவி செய்ய விரும்பினாலும் நெட் நடத்துபவர் கூப்பிடும் வரை காத்திருங்கள்.

படி 9: 2 மீட்டரும் செயற்கைக்கோளும்

இந்தியாவில் 2 மீட்டர் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. கையடக்க ரேடியோவோடு தொடங்கும் புதியவர்கள் எஃப்எம்மில் காலியாகத் தெரியும் எதையாவது பிடித்துக்கொள்கிறார்கள். 145.800 முதல் 146.000 வரை செயற்கைக்கோள்களுக்கு உரியது; சர்வதேச விண்வெளி நிலையத்தின் குரல் வருவது 145.800ல்தான். அங்கே நண்பரோடு பேசாதீர்கள். 144ன் அடிப்பகுதியை மோர்ஸுக்கும் எஸ்எஸ்பிக்கும் விடுங்கள். அங்கே காலியாகத் தெரிவது எஃப்எம் ரிசீவருக்கு மட்டும்தான்.

ஒரே சிறு இடத்தை எல்லோரும் பகிர்வதற்கு நல்ல பயிற்சிக்களம் செயற்கைக்கோளின் நேரியல் டிரான்ஸ்பாண்டர். ஒரு பட்டையில் வரும் எல்லாச் சிக்னலையும் இன்னொரு பட்டையில் திருப்பி அனுப்பும் கருவி அது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6ல் போன இந்தியாவின் ஹாம்சாட் செயற்கைக்கோள், 2014 வரை 60 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அப்படி ஒரு சேவையைத் தந்தது. இப்போது ஆர்எஸ்-44 என்ற செயற்கைக்கோள் இருக்கிறது: 145.935 முதல் 145.995 வரை எல்எஸ்பியில் மேலே அனுப்பி, 435.610 முதல் 435.670 வரை யுஎஸ்பியில் கீழே கேட்கலாம். இறங்கி வரும் பக்கத்தில் கீழ்ப்பகுதி மோர்ஸுக்கு, மேல்பகுதி குரலுக்கு, நடுவில் இரண்டும் கலந்து என்பது பொதுவான பழக்கம். செயற்கைக்கோளின் மொத்த பவரையும் அந்த நேரத்தில் பேசும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் அதிக பவரில் கத்தினால் மற்ற எல்லோரும் அமுங்கிப்போவார்கள். எஃப்எம் அங்கே வேண்டாம். உங்கள் சிக்னல் இறங்கி வருவதை நீங்களே கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். பீக்கனைவிட அது பலமாகக் கேட்டால், பீக்கனுக்குக் கீழே வரும்வரை பவரைக் குறையுங்கள்.